வின்டர் வந்தால் கார் ஏன் பெட்ரோலைக் கூடக் குடிக்கிறது? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் நவம்பர் பாதி தாண்டினாலே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். கோயில் அன்னதான வரிசையிலும் சரி, பிள்ளைகளின் பரதநாட்டிய வகுப்பு வாசலிலும் சரி, யாராவது ஒருவர் "டாங்க் நிரப்பினா ஒரு வாரம்கூட நிக்க மாட்டேங்குது, கார்ல ஏதோ கோளாறு" என்பார். நான் சென்னையில் சில காலம் இஞ்சின் டெஸ்டிங் வேலை பார்த்தவன் என்பது பழகியவர்களுக்குத் தெரியும், அதனால் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். எப்போதும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலையும் கீழே போட்டுவிட்டேன். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் சாதாரண பெட்ரோல் கார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வின்டர்ல மைலேஜ் குறையுறது நிஜமா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?

நிஜம்தான், அளந்தே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை தருகிற கணக்குப்படி, வெளியே 25 டிகிரி இருக்கும்போது கிடைக்கிற மைலேஜ், மைனஸ் 7 டிகிரியில் ஊருக்குள் ஓட்டும்போது சுமார் 15 சதவீதம் இறங்கிவிடும். ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் போய் வருகிறவராக இருந்தால் 24 சதவீதம் வரைக்கும் போகும். கனடா கணக்கில் சொன்னால், கோடையில் 100 கி.மீ.க்கு 8 லிட்டர் குடித்த கார் 9.4 லிட்டருக்கு வரும், குறுந்தூர ஓட்டமாக இருந்தால் 10.5 லிட்டரைத் தொடும்.

மைனஸ் 7 என்பது டொராண்டோ ஜனவரியில் சர்வசாதாரணம். வினிபெக், எட்மன்டன் பக்கம் மைனஸ் 25, 30 பார்க்கிறவர்களுக்கு இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அப்படி என்னதான் ஆகுது உள்ளே? சுருக்கமா சொல்லுங்க.

இஞ்சின் ஏறத்தாழ 90 டிகிரி சூட்டில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சாமான். அந்தச் சூடு வரும்வரை அது ஊதாரி. சுருக்கம் இவ்வளவுதான்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வருகிற பதில்களுக்கு எல்லாம் அடிப்படை இதுதான். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த இஞ்சினில் தெளிக்கிற பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆவியாகிற பங்கு எரியப் போதுமான அளவில் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கூடுதலாகவே தெளிக்கிறது. சூடான இஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று சுத்தமாகக் கணக்குப் பார்க்கும், அந்தக் கணக்கைச் சரிபார்க்கிற ஆக்ஸிஜன் சென்சாரே சூடேறினால்தான் வேலை செய்யும். இதோடு புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க வேண்டும் என்று கார் நிற்கும்போது இஞ்சின் சுற்றுகிற வேகத்தை (ஐடில்) ஏற்றி, ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, வேண்டுமென்றே சூட்டைப் புகைக்குழாய் வழியே அனுப்புவார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் சுற்றைக் காட்டுகிற மீட்டர் முள் 1,200, 1,500 என்று நின்றுவிட்டு மெதுவாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்குத்தான்.

அப்புறம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். குளிராக இருக்கும்வரை பல கார்களில் அது மேல் கியருக்கு உடனே போகாது, இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரையும் பூட்டாது. சிக்னலில் இஞ்சினைத் தானாக அணைக்கிற வசதியும் அதுவரை வேலை செய்யாது. இப்படிச் சின்னச் சின்னதாக ஏழெட்டு இடத்தில் பெட்ரோல் போகிறது.

ஆயில் கெட்டியாகுதுன்னு சொல்றாங்களே, 0W போட்டா எல்லாம் சரியாயிடுமா?

எல்லாம் சரியாகாது, ஆனால் உதவும். மைனஸ் 20-ல் ஒரு ராத்திரி நின்ற காரின் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், கோடையில் சொட்டுச் சொட்டாக விழுகிற ஆயில் விளக்கெண்ணெய் போல நூலிழுத்து நிற்கும். அதைச் சுற்றித் தள்ளுகிற வேலையும் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது.

5டபிள்யூ-30 என்றால் அந்த டபிள்யூ வின்டரைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கிற எண் எவ்வளவு சின்னதோ, அந்த அளவுக்குக் குளிரிலும் இளகி ஓடும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 40-லும், 5டபிள்யூவை மைனஸ் 35-லும் பம்ப் செய்ய முடிகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயரே கொடுப்பார்கள். உங்கள் காரின் புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதையே போடுங்கள். "கெட்டி ஆயில் போட்டா இஞ்சினுக்கு நல்லது" என்று ஊரிலிருந்து கொண்டுவந்த ஞானத்தை இங்கே காட்ட வேண்டாம். ஆனால் ஆயில் ஒரு பங்குதான். கியர்பாக்ஸ் ஆயில், சக்கர பேரிங்கில் இருக்கிற கிரீஸ் இவையும் கெட்டியாகத்தான் இருக்கும், அவை சூடாக இஞ்சினைவிட நேரமெடுக்கும்.

என் ஃப்ரெண்டும் நானும் ஒரே கார், ஒரே வருஷ மாடல். அவருக்குப் பெருசா குறையல, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குளிரின் செலவு பெரும்பாலும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வருவதில்லை, ஒரு ஸ்டார்ட்டுக்கு இவ்வளவு என்று வருகிறது. இரண்டாவது பதிலில் சொன்ன ஊதாரித்தனம் எல்லாம் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடப்பது. அதற்குள் நீங்கள் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால், பயணம் முழுக்க ஊதாரித்தனம்தான்.

ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு குளிர் ஸ்டார்ட்டிலும் 150 மில்லி பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். பக்கத்திலேயே 4 கி.மீ. போகிறவருக்கு அது 100 கி.மீ.க்கு 3.75 லிட்டர் கூடுதல். ஸ்கார்பரோவில் 401 ஹைவேயில் ஏறி 40 கி.மீ. மேற்கே போகிறவருக்கு அதே 150 மில்லி வெறும் 0.375 லிட்டர். கார் ஒன்று, குளிர் ஒன்று, வித்தியாசம் பத்து மடங்கு. உங்கள் நண்பர் தூரம் போகிறார், அவ்வளவுதான். பணக் கணக்குப் பார்த்தால் மொத்தத்தில் அவர்தான் நிறைய பெட்ரோல் போடுகிறார், அதனால் பொறாமைப்பட ஒன்றுமில்லை.

இதிலிருந்து வருகிற ஒரே உருப்படியான யோசனை, சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடிப்பது. காலையில் பால், மதியம் போஸ்ட் ஆபீஸ், சாயங்காலம் கத்தரிக்காய் என்று மூன்று முறை குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பாமல், முதலில் தூரமான கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மற்ற இடங்களில் நிறுத்துங்கள். முதல் ஓட்டத்திலேயே இஞ்சின் சூடாகிவிட்டால், அரை மணி நேரம் நின்றாலும் அந்தச் சூட்டில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும்.

காலமை வெளிக்கிட முதல் பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுறனான். சூடாகி ஓடினா மிச்சம்தானே அண்ணை?

மிச்சம் இல்லை அண்ணை, நட்டம். கார் ஒரு அடிகூட நகராமல் பெட்ரோல் எரிகிறது. 3 லிட்டர் இஞ்சின் பத்து நிமிடம் சும்மா ஓடினால் 300 மில்லி போய்விடும் என்று கனடாவின் இயற்கை வளத் துறை சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள் என்றால் ஒன்றரை லிட்டர், மாதத்துக்கு ஆறு லிட்டர். சின்ன இஞ்சினாக இருந்தால் பாதி என்று வையுங்கள், அப்போதும் தண்டம்தான்.

சரி, சூடாவதாவது ஆகிறதா என்றால் அதுவும் அரைகுறை. நின்று ஓடுகிற இஞ்சினுக்குச் சுமை இல்லை, சுமை இல்லாமல் சூடு வராது. அதே நேரத்தில் கியர்பாக்ஸும் பேரிங்கும் டயரும் பனியில் உறைந்தபடியேதான் நிற்கின்றன. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் ஐந்தாறு நிமிடம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டினால் எல்லாமே சேர்ந்து சூடாகும்.

கண்ணாடியில் ஐஸ் இருந்தால் அது வேறு விஷயம். சுரண்டி முடிக்கும்வரை இஞ்சின் ஓடட்டும், நாலு பக்கமும் தெரியாமல் கிளம்பக் கூடாது. டொராண்டோவில் தேவையில்லாமல் இஞ்சினை ஓடவிடுவதற்கு எதிராக நகரச் சட்டமே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதைவிட முக்கியம், கராஜுக்குள் ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். புகைக்குழாய் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்றும் குனிந்து ஒரு தடவை பாருங்கள்.

எங்கப்பா அம்பாசடர் வெச்சிருந்தார், சூடு பண்ணாம எடுத்தா பொக்குனு நின்னுடும். இப்ப மட்டும் எப்படி வேண்டாங்கறீங்க?

அப்பா செய்தது சரிதான். அது கார்புரேட்டர் காலம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற வேலையை ஒரு பித்தளை ஜெட்டும் நீங்கள் கையால் இழுக்கிற சோக்கும் பார்த்துக்கொண்டன. வண்டி சூடாவதற்கு முன்னால் சோக்கை உள்ளே தள்ளினால் நின்றுவிடும். இப்போது குளிர் எவ்வளவு, காற்று எவ்வளவு உள்ளே வருகிறது என்று நொடிக்குப் பலமுறை பார்த்து இஞ்செக்டர் தெளிக்கிறது, அதனால் நிற்காமல் ஓடும். பழக்கம் மட்டும் பரம்பரையாக வந்துவிட்டது, ரிமோட் ஸ்டார்ட்டர் என்ற பெயரில் இப்போது அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஹீட்டர் போட்டா பெட்ரோல் செலவாகுமா? வீட்டுக்காரர் போடவே விட மாட்டேங்கிறார்.

போடுங்கள். பெட்ரோல் இஞ்சின் எரிக்கிற எரிபொருளில் பெரும்பங்கு சூடாகத்தான் வீணாகிறது. ரேடியேட்டர் வழியாக வெளியே போக வேண்டிய அந்தச் சூட்டில் கொஞ்சத்தை உங்கள் காலடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். சூடான இஞ்சினுக்கு ஹீட்டரால் கிட்டத்தட்டச் செலவே இல்லை. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. கிளம்பியதுமே ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் குளிர்காற்றுதான் வரும், கூடவே இஞ்சினுக்குக் கிடைக்க வேண்டிய கொஞ்ச நஞ்சச் சூட்டையும் பிடுங்கிவிடும். கண்ணாடி தெளிவாக இருந்தால் சூட்டு முள் கொஞ்சம் ஏறியதும் போடுங்கள்.

செலவு வைக்கிறவை வேறு. பின்கண்ணாடி டிஃபாகர், சூடேறும் சீட், ஸ்டியரிங் இவை எல்லாம் இஞ்சின் சுற்றி மின்சாரம் எடுக்கிற ஆல்டர்னேட்டரில் கைவைக்கும். முன்கண்ணாடிக்கு டிஃப்ராஸ்ட் போட்டால் பல கார்களில் காற்றின் ஈரத்தை எடுப்பதற்காக ஏ.சி. கம்ப்ரஸரும் சேர்ந்து ஓடும். இதற்காக ஆவி படிந்த கண்ணாடியோடு ஓட்ட முடியுமா என்ன? கண்ணாடி தெளிந்ததும் அணைத்துவிட்டால் போதும். வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால் கதை வேறு, கீழே வருகிறது.

குளிர் வந்தாலே டயர் லைட் எரியுது. காத்து அடிச்சா ரெண்டு நாள்ல மறுபடி எரியுது. பஞ்சரா?

பெரும்பாலும் பஞ்சர் இல்லை. காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 5.5 டிகிரி இறங்கினால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்பது கைக்கணக்கு. 20 டிகிரி இருந்த செப்டம்பரில் 33 பி.எஸ்.ஐ. வைத்தவர் மைனஸ் 13 டிகிரி காலையில் பார்த்தால் 27 தான் இருக்கும். டயரில் ஓட்டையே இல்லாமல் ஆறு பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கும்.

கராஜில் நிறுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே 10 டிகிரியில் சரியாக அடித்துவிட்டு வெளியே மைனஸ் 15-க்குக் கொண்டுபோனால் நாலைந்து பி.எஸ்.ஐ. இறங்கி லைட் எரிந்துவிடும். கார் எந்தக் குளிரில் ஓடுகிறதோ அந்தக் குளிரில், ஓட்டுவதற்கு முன்னால், ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கள். காற்றுக் குறைவு மைலேஜை அப்படி ஒன்றும் பாதாளத்துக்குக் கொண்டுபோகாது, நாலு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் என்கிறார்கள். டயர் தேய்வதும் பிரேக் பிடிப்பதும்தான் எனக்குப் பெரிய கவலை.

அப்படிச் செய்தும் ஒரே டயர் மட்டும் திரும்பத் திரும்ப இறங்கினால் பஞ்சரோ, உப்பு அரித்த ரிம்மோதான்.

வின்டர் டயர் மாத்தினதும் மைலேஜ் இன்னும் போச்சு. மாத்தாமலே இருந்திருக்கலாமோ?

வேண்டாம் இந்தச் சிக்கனம். வின்டர் டயரின் ஆழமான வெட்டுகளும் மென்மையான ரப்பரும் உருளும்போது கொஞ்சம் சக்தியைத் தின்னும், உண்மை. ஆனால் 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறைய ஆரம்பிக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் மறக்காமல் கழற்றினால் போதும். ஜூலை வரைக்கும் அதிலேயே ஓட்டிவிட்டு மைலேஜ் இல்லை என்று என்னிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

குளிர்ந்த காத்துல ஆக்ஸிஜன் கூட, பவர் ஏறும்னு யூட்யூப்ல சொல்றாங்க. அப்ப மைலேஜும் ஏறத்தானே வேணும்?

நல்ல கேள்வி, பாதி உண்மை. காற்று அடர்த்தியாக இருப்பதால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கூடுதல் பவர் கிடைக்கும். ஆனால் நாம் முழுக்க மிதிப்பது எப்போதாவதுதான். மற்ற நேரத்தில் நமக்கு வேண்டியது குறிப்பிட்ட பவர், அதற்கு வேண்டிய காற்றும் குறிப்பிட்ட அளவுதான். அடர்த்தியான காற்று வந்தால், இஞ்சினுக்குள் காற்றை விடுகிற த்ராட்டில் வால்வு தன் வாயை இன்னும் மூடிக்கொள்ளும், அந்தக் குறுகின வாய் வழியாகக் காற்றை உறிஞ்ச இஞ்சின் இன்னும் கொஞ்சம் முக்க வேண்டும். காற்று கூட வந்தால் அதற்கு ஏற்ற பெட்ரோலையும் கம்ப்யூட்டர் சேர்த்தே தெளிக்கும். ஆக பவர் வேறு, மைலேஜ் வேறு.

தூரம் போனா குளிர் தெரியாதுன்னு மேல சொன்னீங்க. நான் தினமும் ஹைவேலதான் போறேன், எனக்கும் குறையுதே?

அங்கே வேறு ஒரு ஆள் வேலை பார்க்கிறார், காற்றுத் தடை. போன பதிலில் சொன்ன அதே அடர்த்தியான காற்றைத்தான் உங்கள் கார் பிளந்துகொண்டு போகிறது. 25 டிகிரியை விட மைனஸ் 7-ல் காற்று 12 சதவீதம் அடர்த்தி, மைனஸ் 20-ல் ஏறத்தாழ 18 சதவீதம். 100 கி.மீ. வேகத்தில் காரைத் தள்ள ஆகும் சக்தியில் பாதிக்கு மேல் காற்றை எதிர்த்துத்தான் போகிறது. அந்தப் பாதி 12 சதவீதம் ஏறினால் மொத்தத்தில் ஆறு சதவீதமாவது கூடும். இது சூடான இஞ்சினுக்கும் உண்டு, எவ்வளவு தூரம் ஓட்டினாலும் தீராது.

இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான். 120-ல் போகிறவர் 105-க்கு வந்தால் குளிரில் இழந்ததைப் பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடலாம். கூரையில் ஸ்கீ மாட்டுகிற கம்பி சும்மா நின்றால் கழற்றுங்கள், கூரைப் பனியையும் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். சாலையில் பனிக்குழம்பு கிடந்தால் சக்கரம் அதை உழுதுகொண்டு போக வேண்டும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வின்டர்ல விக்கிற பெட்ரோலே மட்டமாமே?

மட்டம் இல்லை, வேறு கலவை. குளிரில் ஆவியாக வேண்டும் என்பதற்காகச் சீக்கிரம் ஆவியாகிற பியூட்டேன் போன்றவற்றைக் கூடச் சேர்ப்பார்கள். அது இல்லாவிட்டால் மைனஸ் 20 காலையில் கார் கிளம்புவதே பாடு. ஆனால் பியூட்டேனில் லிட்டருக்குக் கிடைக்கிற ஆற்றல் குறைவு. கோடைக் கலவையில் வின்டர் கலவையைவிட 1.7 சதவீதம் ஆற்றல் கூட என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கணக்குச் சொல்கிறது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக பிரீமியம் போட வேண்டாம். உங்கள் கார் பிரீமியம் கேட்காத கார் என்றால் குளிரிலும் அதனால் லாபம் இல்லை.

குளிர்ல பெட்ரோல் சுருங்கும், அதனால விடியக்காலைல போட்டா அதே காசுக்குக் கூட வரும்னு அங்கிள் சொன்னார். உண்மையா?

சுருங்குவது உண்மை, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம். லாபம்தான் கைக்கு வராது. முதலாவது, பெட்ரோல் நிலத்துக்கு அடியில் தொட்டியில் இருக்கிறது, விடியக்காலைக்கும் மதியத்துக்கும் அதன் சூடு பெரிதாக மாறாது.

இரண்டாவதுதான் சுவாரசியம். அடுத்த தடவை பெட்ரோல் போடும்போது பம்பில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரைப் படியுங்கள். அளவு 15 டிகிரிக்குத் திருத்தப்பட்டது என்று போட்டிருக்கும். கனடாவில் பெரும்பாலான பம்புகள் பெட்ரோலின் சூட்டை அளந்து, 15 டிகிரியில் இருந்தால் எத்தனை லிட்டர் இருக்குமோ அந்த எண்ணைத்தான் காட்டும். 5 டிகிரியில் வருகிற பெட்ரோல் சுருங்கியிருப்பதால், மீட்டரில் 40 லிட்டர் காட்டினாலும் உங்கள் டாங்கில் விழுவது ஏறத்தாழ 39.6 லிட்டர். ஏமாற்று இல்லை, எரிபொருளின் எடை சரியாகத்தான் இருக்கிறது. அங்கிளின் லாபத்தை அந்த ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டுவிட்டது.

வெதர் ஆப்ல மைனஸ் 12, விண்ட் சில் மைனஸ் 22ங்கிறான். காருக்கு எது கணக்கு?

மைனஸ் 12. விண்ட் சில் என்பது நம் தோலுக்கு எப்படி உறைக்கும் என்கிற கணக்கு. எவ்வளவு காற்று அடித்தாலும் இஞ்சின் மைனஸ் 12-க்குக் கீழே போகாது. நிறுத்தின கார் அந்த மைனஸ் 12-க்குச் சீக்கிரம் இறங்கிவிடும், அது மட்டும்தான் காற்றின் வேலை. அதனால் சுவர் ஓரமாக, காற்றுப் படாத பக்கம் நிறுத்துவதில் சின்னப் பலன் உண்டு. கராஜ் இருந்தால் ரொம்ப நல்லது, சாமான் அடைத்து வைத்திருக்கிற கராஜைக் காலி செய்ய இதுவே ஒரு காரணம்.

சஸ்காட்டூன்ல காருக்கு முன்னாடி ப்ளக் தொங்குதே, அது எலெக்ட்ரிக் காரா?

எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். அது பிளாக் ஹீட்டர், இஞ்சினைச் சூடாக்குகிற சின்ன மின்சார ஹீட்டர். அந்தப் பக்கம் அடுக்குமாடி பார்க்கிங்கிலும் ஆபீஸ் பார்க்கிங்கிலும் கம்பத்தில் ப்ளக் பாயின்ட்டே வைத்திருப்பார்கள். மைனஸ் 20-ல் இது மொத்த மைலேஜை 10 சதவீதம் வரைக்கும் தூக்கிவிடும் என்று கனடாவின் இயற்கை வளத் துறை சொல்கிறது. நாலாவது பதிலில் சொன்ன ஸ்டார்ட் செலவை நேரடியாகக் குறைப்பது இது ஒன்றுதான். ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தால் கரண்ட் பில்தான் ஏறும், கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஆன் ஆகிற மாதிரி டைமர் வைத்தால் போதும். டொராண்டோ குளிருக்குக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஹைபிரிட் வாங்கினதே பெட்ரோல் மிச்சம் பண்ணத்தான். வின்டர்ல அதுதான் மோசமா இறங்குது!

சதவீதத்தில் பார்த்தால் ஆமாம், அதே அமெரிக்கக் கணக்கில் ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையும். ஹைபிரிட்டின் சாமர்த்தியமே இஞ்சினை அணைத்து வைப்பதில் இருக்கிறது. குளிரில் இஞ்சினை அணைத்தால் ஹீட்டருக்குச் சூடு தண்ணீர் எங்கிருந்து வரும்? அதனால் சிக்னலில் நிற்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த பேட்டரியும் பிரேக் பிடிக்கும்போது வருகிற மின்சாரத்தை முழுக்க வாங்கிக்கொள்ளாது. ஹீட்டரை 24-ல் வைப்பதற்குப் பதில் 20-ல் வைத்து சீட் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள், இஞ்சின் அணைவதைக் காதாலேயே கேட்கலாம். இவ்வளவு இறங்கியும் பக்கத்தில் நிற்கிற சாதாரணக் காரைவிட அது குறைவாகத்தான் குடிக்கிறது.

அப்ப மின்சாரக் கார்ல இந்தத் தொல்லையே இல்லைதானே?

இன்னும் அதிகமாகத் தெரியும். ஏ.ஏ.ஏ. என்கிற அமெரிக்க மோட்டார் சங்கம் 2019-ல் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 7-ல் ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது ஓடும் தூரம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது, ஹீட்டர் போட்டதும் 41 சதவீதம். பெட்ரோல் கார் சூட்டை வீணடிக்கிறது, அதனால் ஹீட்டர் இலவசம் என்று பார்த்தோம். மின்சாரக் கார் அவ்வளவு வீணடிப்பதில்லை, அதனால் சூடு வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். வெளிக்காற்றிலிருந்தே சூட்டை எடுக்கிற ஹீட் பம்ப் வைத்த கார்கள் இதில் பரவாயில்லை. சார்ஜரில் செருகியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுக் கிளம்பினால் அந்தச் செலவு வீட்டுக் கரண்டில் போய்விடும். பெட்ரோல் காரில் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பத்து நிமிடச் சூடேற்றம் இங்கே தாராளமாகச் செய்யலாம்.

ஷோரூம் ஸ்டிக்கர்ல போட்ட நம்பர் வின்டர்ல வரவே இல்ல. பொய் சொல்லி வித்துட்டாங்களா?

2015 மாடலிலிருந்து கனடாவில் ஐந்து விதமான சோதனை செய்துதான் அந்த எண்ணைப் போடுகிறார்கள், அதில் ஒன்று மைனஸ் 7 டிகிரியில் குளிர்ந்த இஞ்சினோடு செய்வது. ஆக குளிர் அதில் சேர்ந்திருக்கிறது, ஆனால் மற்ற நாலோடு கலந்து சராசரியாகிவிட்டது. ஜனவரியில் அதைவிட மோசமாகவும் ஜூனில் அதைவிட நன்றாகவும் வந்தால் எண் சரிதான். வருஷக் கணக்குப் பாருங்கள், ஒரு டாங்க் கணக்குப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

எல்லாம் சரி, எவ்வளவு குறைஞ்சா மெக்கானிக்கிட்ட போகணும்?

போன வின்டரோடு ஒப்பிடுங்கள், போன கோடையோடு ஒப்பிடாதீர்கள். அதே வழி, அதே டயர், ஏறத்தாழ அதே குளிர், ஆனாலும் தெளிவாகக் குறைந்திருக்கிறது என்றால் பார்க்க வேண்டியதுதான்.

நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட்டை. இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கிற சின்ன வால்வு அது. திறந்தபடி மாட்டிக்கொண்டால் குளிர்காலத்தில் இஞ்சின் சூடே ஆகாது, ஊதாரித்தனம் பயணம் முழுக்கத் தொடரும். இருபது நிமிடம் ஓட்டியும் சூட்டு முள் பாதிக்கு வரவில்லை, ஹீட்டரில் வெதுவெதுப்புதான் வருகிறது, ஹைவே ஏறினால் அதுவும் குறைகிறது என்றால் கிட்டத்தட்ட அதுவேதான். செக் இஞ்சின் லைட் எரிந்து பி0128 என்ற கோடு வந்தால் இன்னும் உறுதி. பெரும்பாலான கார்களில் விலை அதிகமில்லாத பாகம்.

அடுத்தது பிரேக். இங்கே சாலையில் கொட்டுகிற உப்பு, பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின்களை அரித்து, பிரேக் பேடு முழுக்க விடாமல் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயந்து போன் செய்கிறார்கள். குறுந்தூரமே ஓடுகிற காரில் இஞ்சினுக்குள் சேர்கிற ஈரம் ஆவியாக நேரமில்லாமல் ஆயிலோடு கலந்து அப்படி ஆகும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டினால் போய்விடும். அப்படியும் போகாமல், கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அதைத் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.